“எதற்குச் சிரிக்கிறாய்? சொன்னால் நாங்களும் சிரிப்போமே!”

வகுப்பறையில் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளிலேயே மிகக் கடினமானது கணக்கிலோ இலக்கணத்திலோ வருவதன்று. மேலே தலைப்பில் உள்ளதுதான். நன்றாகப் படிப்பவன், படிக்காதவன், முன் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற வேறுபாடு எதுவுமில்லாமல் அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலைகுனிந்து நின்றிருக்கிறோம். விடை நமக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் சிரிப்பதற்கு அதில் ஒன்றுமே இருக்காது என்பது எழுந்து நின்ற அந்தக் கணத்திலேயே விளங்கிவிடும். பள்ளி நாள்களின் வேடிக்கைகளை எழுத உட்காரும்போதும் அதே சங்கடம்தான் எனக்கு. உடன் படித்தவர்களிடம் ஒரு சொல்லைச் சொன்னாலே போதும், பத்து நிமிடம் சிரிப்பார்கள், அதே நிகழ்ச்சியை வீட்டில் உள்ளவர்களிடம் முன்கதையோடு விரிவாகச் சொன்னால், “அப்புறம்?” என்று கேட்பார்கள். அப்புறம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான் கதை. இது ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை நிகழ்ச்சிகளோடு சேர்த்தே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் கணித ஆசிரியர் ‘ஆகவே’ என்ற சொல் இல்லாமல் ஒரு வரியையும் முடிக்க மாட்டார். தேற்றத்தை நிறுவும்போது அந்தச் சொல் வருவதில் வியப்பில்லை. ஆனால் அவர், “ஆகவே, அந்த ஜன்னலைச் சாத்து”, “ஆகவே, நாளைக்கு எல்லோரும் அளவுகோல் கொண்டுவர வேண்டும்” என்று, முன்னால் காரணம் எதுவும் சொல்லாமலே முடிவை மட்டும் அறிவிப்பார். கடைசி பெஞ்சில் இருந்த நண்பன் ஒருவன் ஒவ்வோர் ‘ஆகவே’க்கும் ஒரு கோடு என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவந்தான். நான்கு கோடுகள் நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்துப் போட்டு ஒரு கட்டாக்குவான். பாடவேளை முடியும்போது மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையில் நிற்குமா, இரட்டைப்படையில் நிற்குமா என்பதில் அந்த வரிசை முழுவதும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கும். மணி அடிக்கப் போகும் நேரத்தில் ஆசிரியர் வாயைத் திறந்தாலே ஒரு கட்சிக்கு உற்சாகம் பிறக்கும், இன்னொரு கட்சி வாடிப்போகும். தம் பாடத்தைக் கடைசி நிமிடம்வரை இவ்வளவு ஊன்றிக் கேட்கும் மாணவர்கள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவர் பாடம் நடத்திக்கொண்டே நடந்துவந்து அவனுக்குப் பின்னால் நின்றுவிட்டார். புள்ளியியலில், எது எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணும் நிகழ்வெண் அட்டவணை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நோட்டை எடுத்தார், கட்டுக் கட்டாக இருந்த கோடுகளைப் பார்த்தார், “இது எந்தக் கணக்கு?” என்றார். பதில் இல்லை. “நீயாகவே போட்டுப் பார்த்தாயா?” என்றார். அவன் பாதி தலையசைத்தான். “நல்லது. ஆகவே, மற்றவர்களும் இவனைப் பார்த்துத் தாமாகப் பயிற்சி செய்ய வேண்டும்” என்று சொல்லி நோட்டை மேசைமேல் வைத்தார். வைத்த மறுகணம், பழக்கதோஷத்தால், அவன் கை நீண்டு பென்சிலை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே இன்னொரு கோட்டைப் போட்டது. ஆசிரியர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, சோதித்துப் பார்ப்பவராக, “ஆகவே…” என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். பென்சில் தாள்வரை இறங்கி, தொடாமல் நின்றது. அந்த வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. யாரோ ஒருவன் மூக்கின் வழியாக விட்ட சிறிய ஓசையில் மொத்த வகுப்பும் வெடித்துச் சிரித்தது. என்ன நடந்தது என்றே தெரியாத முன் பெஞ்சுக்காரர்கள்தாம் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

காரணம் தெரியாமல் சிரித்த அந்த முன் பெஞ்சைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன், நகைச்சுவை எழுதுபவர்கள் கேட்டால் வருந்தக்கூடிய ஓர் உண்மையை 1990களில் வெளியிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் பொது இடங்களில் இயல்பாக எழுந்த 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்தெடுத்தார்கள். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மற்றவையெல்லாம் “அப்புறம் பார்க்கலாம்”, “நிச்சயமாகவா?” என்பன போன்ற மிகச் சாதாரணமான பேச்சுகளுக்குப் பின்னால் வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கணிப்பு. அப்படியிருக்க, ஒரே வயதுள்ள ஒரு பெருங்கூட்டத்தைத் தோளோடு தோள் இடிக்க உட்காரவைத்து, சிரிக்கக் கூடாது என்று ஒரு சட்டத்தையும் போட்டுவிட்டால், சிரிப்புக்கு அதைவிட வசதியான இடம் வேறு எங்கே அமையும்?

பள்ளியில் எழுந்த சிரிப்பு பள்ளியையே மூடவைத்த நிகழ்ச்சியும் உலகில் நடந்திருக்கிறது. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த தங்கனீகாவில், இன்றைய தான்சானியாவில், கஷாஷா என்ற ஊரில் இருந்த பெண்கள் உறைவிடப் பள்ளியில் 1962 ஜனவரி 30 அன்று மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அது பரவிப் பரவி, அங்கே படித்த 159 பேரில் 95 பேரைப் பிடித்துக்கொண்டது. சிலருக்குச் சில மணி நேரத்தில் நின்றது; சிலருக்கு விட்டுவிட்டு நாள்கணக்கில் நீடித்தது. ஆசிரியர்களில் ஒருவருக்கும் அது தொற்றவில்லை என்பது, எந்தப் பள்ளியில் படித்தவருக்கும் வியப்பளிக்காது. மார்ச் மாதத்தில் பள்ளியை மூடினார்கள். மாணவிகள் வீடு திரும்பியதும் அவர்களுடைய ஊர்களிலும் அது தலைகாட்டியது. வேடிக்கையாகத் தோன்றினாலும் இது மகிழ்ச்சியின் கதையன்று. சிரிப்போடு அழுகையும் கலந்தே வந்தது என்று அதை ஆராய்ந்த மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கண்டிப்பும் மன இறுக்கமும் மிகுந்த சூழலில் இளம் பிள்ளைகளிடம் கூட்டமாகத் தோன்றும் ஒரு பாதிப்பு என்றே பின்னால் வந்தவர்கள் இதை விளக்கினார்கள். சிரிப்பு நகைச்சுவையால் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பாடம் எல்லாம் அடிக்கோடிட்ட அழகிய கையெழுத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தில்தான் அந்த மாணவன் இருப்பான். ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 1956இல் அகழ்ந்தெடுத்த பிர்ச் மரப்பட்டைகளில், 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓன்ஃபிம் என்ற சிறுவனின் பாடப் பயிற்சிகள் கிடைத்தன. ஆறேழு வயதிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதத் தொடங்கியவன், சிறிது எழுதியதும் அலுத்துப்போய், குதிரைமேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரையே எழுதிவைத்திருக்கிறான். இன்னொன்றில் வாலும் நாக்கும் நீண்ட ஒரு மிருகத்தை வரைந்து, “நான் ஒரு காட்டு விலங்கு” என்று எழுதியிருக்கிறான். அவன் வரைந்த மனிதர்களின் கைகளில் விரல்கள் மூன்று முதல் எட்டுவரை மனம்போனபடி இருக்கின்றன. அந்தப் பட்டை அன்றைக்கே யாராவது ஒரு ஆசிரியரின் கையில் சிக்கியிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்பதை ஊகிக்க ரஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வருகைப்பதிவு நேரத்தில் நடந்தவற்றைத் தொகுத்தால் தனிப் புத்தகமே ஆகும். நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு நண்பன் தாமதமாக வரப்போவதாக முந்தைய நாளே மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லி, தனக்காகக் குரல் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் இருப்பார் என்ற முன்னெச்சரிக்கை. மூவரில் யாரும் மறக்கவில்லை. அவன் பெயர் வந்ததும் வகுப்பின் மூன்று மூலைகளிலிருந்து, ஒன்று கனத்தும் ஒன்று கீச்சென்றும் ஒன்று இருமலோடும், “உள்ளேன் ஐயா” என்று ஒரே நேரத்தில் எழுந்தது. ஆசிரியர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “இவ்வளவு பேராக வந்திருக்கிறான் என்றால் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறான்” என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்ற உண்மையான ஆள், வகுப்பில் என்ன நடந்தது என்று அறியாமல், மூச்சிரைக்க, “உள்ளே வரலாமா ஐயா?” என்றான். “நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய்” என்று சொல்லி, அவனை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார் அவர்.

விடுப்புக் கடிதத்தின் கதை இதைவிட நீளமானது. ஓராண்டு முழுவதும் நடந்தது. கட்டுரை ஏட்டில் இருந்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதிய ஒருவன், தொடக்கத்தைத் தன் நிலைமைக்கு ஏற்ப மாற்றிவிட்டு, நடுப்பகுதியை அப்படியே விட்டுவிட்டான். “எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்டிருப்பதால், என் மூத்த சகோதரியின் திருமணத்தில் கலந்துகொள்ளும் பொருட்டு இரண்டு நாள்கள் விடுப்பு அளிக்குமாறு” அந்தக் கடிதம் பணிவன்புடன் வேண்டியது. அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. வகுப்பாசிரியர் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. “காய்ச்சலோடு திருமண வேலையும் பார்த்தாயா? பாவம். அக்காளுக்கு என் வாழ்த்தைச் சொல்” என்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தான்.

அடுத்த வாரம் பாடத்தின் நடுவே, “அக்கா நலமா?” என்று கேட்டார். “நலம் சார்” என்றான். அடுத்த மாதம், “மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?” என்று கேட்டார். எழுந்து நின்றவன் ஏதோ ஒரு வேலையைச் சொன்னான். அதற்கு அடுத்த முறை கேட்டபோது வேறொரு வேலையைச் சொல்லிவிட்டான், ஆசிரியர் கவலையோடு, “ஏன், பழைய வேலை ஒத்துவரவில்லையா?” என்று விசாரித்தார். இல்லாத அக்காளின் குடும்பம் இப்படி மாதத்துக்கு மாதம் வளர்ந்துகொண்டே போனது. உச்சக்கட்டம், பெற்றோர் கூட்டத்தில் வந்தது. மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்ததும் ஆசிரியர் அவனுடைய அம்மாவிடம், “மகளும் மருமகனும் நலந்தானே?” என்று கேட்டார். அந்த அம்மா, “எந்த மகள்?” என்றார். பக்கத்தில் நின்றவன் கூரையில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் அவனை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மன்னியுங்கள், வேறொரு பையனோடு குழப்பிக்கொண்டேன்” என்று சொல்லி அனுப்பிவைத்தார். மறுநாள் காலை வருகைப்பதிவு முடிந்ததும் வழக்கம்போல, “அக்கா நலமா?” என்றார். பிரம்பால் அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பான். ஓராண்டு முழுவதும் நீடித்த அந்த நலம் விசாரிப்பைவிட நேர்த்தியான தண்டனையை நான் பார்த்ததில்லை.

ஆசிரியர், மாணவன், பெற்றோர் என்ற இந்த மும்முனை நாடகம் மிகப் பழையது. இன்றைய ஈராக் நாட்டுப் பகுதியில் வாழ்ந்த சுமேரியர்களின் களிமண் பலகைகளில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளி மாணவன் ஒருவனின் ஒருநாள் கதை இருக்கிறது. சாமுவேல் நோவா கிரேமர் என்ற அறிஞர் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து 1949இல் வெளியிட்டார். அந்த மாணவன் பேசியதற்கு ஓர் அடி, எழுந்து நின்றதற்கு ஓர் அடி, வாயிலைத் தாண்டியதற்கு ஓர் அடி, கையெழுத்து சரியில்லை என்று ஓர் அடி என்று நாள் முழுவதும் ஒவ்வொருவரிடமும் அடி வாங்குகிறான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரு யோசனை சொல்கிறான்: ஆசிரியரை வீட்டுக்கு அழைப்போம். ஆசிரியர் வருகிறார், மரியாதையான இருக்கையில் அமர்த்தி, விருந்து வைத்து, புதிய ஆடை அணிவித்து, விரலில் மோதிரமும் போடுகிறார்கள். விருந்து முடிந்ததும் அதே ஆசிரியர் அந்தப் பையனை வாயாரப் புகழ்கிறார். நீ மாணவர்களுக்கெல்லாம் தலைவனாக விளங்குவாய் என்று வாழ்த்துகிறார். இதை எழுதியவர் ஓர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பது கிரேமரின் ஊகம். பலகைக்குப் பலகை இதைப் பார்த்தெழுதியவர்கள் எழுத்துப் பழகிய மாணவர்கள். குனிந்து எழுதிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள் விருந்துப் பகுதிக்கு வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

வகுப்புத் தலைவனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் அவனிடம் இருந்தது. மேலும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. அந்த அதிகாரத்தைப் பெற்ற ஒருவன், “யாரும் பேசக் கூடாது” என்று கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எழுந்து வந்து, சாக்பீஸை அவன் கையிலிருந்து வாங்கி, பட்டியலின் முதல் வரியில் அவன் பெயரையே எழுதிவிட்டுப் போனார். அவரே பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறிகளும் போட்டார்.

ஆண்டு விழா நாடகம் அப்படிச் சுருக்கிச் சொல்லக்கூடியதன்று. அது ஒரு வரலாற்று நாடகம் என்று சொன்னார்கள். எந்த வரலாறு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் காட்சியில் மன்னர் போர்க்களத்தில் இறந்துவிடுகிறார். இளவரசன் உடல்மேல் விழுந்து அழ வேண்டும். அமைச்சர் நீண்ட இரங்கல் வசனம் பேச வேண்டும். அடுத்த காட்சியில் இளவரசனுக்கு முடிசூட்டு விழா. மன்னராக நடித்தவனுக்குப் பெரிய ஒட்டுமீசை. ஒத்திகையில் எல்லாம் சரியாகவே நடந்தது, ஏனென்றால் ஒத்திகையில் மீசை இல்லை. மேடையில் அமைச்சர் வசனத்தின் பாதியில் இருந்தபோது மீசையின் ஒரு முனை பசை விட்டு எழுந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் மன்னரின் மூக்குத் துவாரத்துக்குள் போய்வரத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது. மன்னர் மூச்சை அடக்கிப் பார்த்தார். கண்களை இறுக்கிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த இளவரசன் நிலைமையைப் புரிந்துகொண்டு, அழுகையின் சாக்கில் கையை நீட்டி மீசையை அமுக்கிப் பார்த்தான். “இனி இந்த நாட்டை யார் காப்பார்?” என்று அமைச்சர் இரு கைகளையும் விரித்துக் கேட்ட நேரத்தில், இறந்துகிடந்த மன்னர் அரங்கம் அதிரத் தும்மினார். மீசை பறந்துபோய் இளவரசனின் தோளில் விழுந்தது.

அந்த அமைச்சரின் சமயோசிதத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். ஒரு நொடிதான் விழித்தான். பிறகு, “மன்னர் பிழைத்துவிட்டார்! மருத்துவரை அழையுங்கள்!” என்று முழங்கினான். நாடகத்தில் மருத்துவர் இல்லை. ஈட்டியோடு ஓரத்தில் நின்ற காவலன் ஒருவன், தனக்கு வசனமே இல்லாத குறையை அன்று தீர்த்துக்கொள்ளும் விதமாக ஓடிவந்து, ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு நாடி பிடித்துப் பார்த்தான். திரைக்குப் பின்னால் இருந்த ஆசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முடிசூட்டு விழாக் காட்சியை விடவும் முடியவில்லை, கிரீடம் தயாராக இருந்தது. ஆகையால் பிழைத்த மன்னர் தாமே வந்து மகனுக்கு முடிசூட்டினார், இப்போது மீசை இல்லாமல். நாடகம் முடிந்ததும் பேசிய சிறப்பு விருந்தினர், மாணவர்கள் வழக்கமான சோக முடிவைத் தவிர்த்து நம்பிக்கையூட்டும் முடிவைத் தேர்ந்தெடுத்ததை மிகவும் பாராட்டினார்.

தேர்வுத்தாள் வேடிக்கைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது: அவற்றில் பாதி உங்கள் பள்ளியிலும் நடந்தவையாக இருக்கும். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்ன கேள்விக்குப் பூவை மிக அழகாக வரைந்து, அம்புக்குறிகளும் போட்டு, ‘பாகம் ஒன்று’, ‘பாகம் இரண்டு’, ‘பாகம் மூன்று’ என்று எழுதிவைத்தவன் எங்கள் வகுப்பில் படித்தான். எண்ணிக்கை சரியாக இருப்பதாகக் கூறி ஆசிரியர் அரை மதிப்பெண் கொடுத்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் பசுவைப் பற்றிய கட்டுரையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய், விமானப் பயணம் பற்றி எழுதச் சொன்னதும், ‘விமானத்தின் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன், ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது, பசு ஒரு சாதுவான பிராணி’ என்று தொடர்ந்த மாணவன் எல்லாப் பள்ளியிலும் படித்திருக்கிறான். அவன் தங்களுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒருவரும் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

பள்ளிக்கதைகள் இப்படி வளர்வதற்குக் கணிதமேதை காஸ் பற்றிய கதையே சாட்சி. 1 முதல் 100 வரை கூட்டச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஓய்வெடுக்க நினைத்தார்; சிறுவன் காஸ் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் இணை இணையாகச் சேர்த்து, 50 இணைகள், ஒவ்வொன்றும் 101, ஆக 5,050 என்று நொடியில் எழுதிக் கொடுத்தான் என்று நாம் படித்திருக்கிறோம். காஸ் 1855இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நண்பர் சார்டோரியஸ் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில்தான் இந்த நிகழ்ச்சி முதலில் அச்சேறியது. முதுமையில் காஸே அடிக்கடி மகிழ்ந்து சொன்ன கதை அது என்கிறார். அதில் ஒரு கூட்டுத்தொடரைக் கூட்டச் சொன்னதும், காஸ் உடனே சிலேட்டை மேசைமேல் போட்டதும் இருக்கின்றன. 1 முதல் 100 வரை என்பது இல்லை, இணை சேர்த்த முறையும் இல்லை. பிரையன் ஹேஸ் என்ற அறிவியல் எழுத்தாளர் இந்தக் கதையின் வடிவங்களைத் தேடிப்போய் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்து 2006இல் எழுதினார். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்று ஆளுக்கு ஓர் எண்ணைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

நினைவைச் சோதித்த கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில் இதே போக்கைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, படித்தவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்தன. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகவும், மரத்தோணி சாதாரணப் படகாகவும் மாறின. எங்கள் பள்ளி நண்பர்கள் கூடும்போதும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு வராத ஒரு வரி உதிர்கிறது, சிரிப்பு வந்த வரி சற்று நீள்கிறது. ‘நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய்’ என்று அந்த ஆசிரியர் இவ்வளவு கச்சிதமாகச் சொன்னாரா என்று கேட்டால், ஏறத்தாழ அப்படித்தான் என்பேன். கூட்டத்தில் ஒருபோதும் எடுக்கப்படாத கதைகளும் உண்டு. ஒருவனுடைய உடலையோ, பேச்சுத் திக்கலையோ வைத்துப் பட்டப்பெயர் சூட்டிய கதைகள் அவை. அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அங்கே சிரிக்காமல் இருக்க அவனுக்கு வழியில்லை.

ஆசிரியர்கள் சிரிக்காமல் எப்படித் தாங்கினார்கள் என்பது நெடுநாள் எனக்குப் புதிராக இருந்தது. உடன் படித்த தோழி ஒருத்தி இப்போது ஆசிரியையாக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். “சிரிப்பு வந்துவிட்டால் திரும்பி நின்று கரும்பலகையில் இருக்கும் தேதியை அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவேன்” என்றாள். அதைக் கேட்டதும் எங்களுக்கெல்லாம் பல ஆசிரியர்களின் முதுகுகள் நினைவுக்கு வந்தன. காரணமில்லாமல் தேதியை அழித்து எழுதியவர்கள், மேசை இழுப்பறையில் சாக்பீஸை நீண்ட நேரம் தேடியவர்கள், ஜன்னல் பக்கம் போய் வெளியே யாரையோ அதட்டியவர்கள். கணித ஆசிரியர் அன்று என்ன செய்தார் என்று கேட்டால், கோடு போட்ட நோட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியே போனார்; மணி அடித்த பிறகுதான் திரும்பி வந்தார். அவருக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

அண்மையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அந்த நாடகத்தின் புகைப்படத்தைப் போட்டான். முடிசூட்டு விழாக் காட்சி. மன்னர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தும்மியது தான்தான் என்று இருவர் உரிமை கொண்டாடுகிறார்கள். ஒருவன் மீசையின் பசை எப்படி நாறியது என்பதை விவரிக்கிறான். இன்னொருவன் தும்மலுக்குப் பிறகு தலைமையாசிரியர் தன்னிடம் சொன்ன வார்த்தைகளை மேற்கோளாகவே தருகிறான். இருவரையும் நம்பலாம் என்று தோன்றுகிறது, அதுதான் தொல்லை. நாடி பார்த்த காவலன் தீர்த்துவைப்பான் என்று அவனிடம் கேட்டோம். மன்னர் தும்மவே இல்லை, முன்வரிசையில் இருந்த யாரோ தும்மினார்கள், பதற்றத்தில் அமைச்சன் தவறாகப் புரிந்துகொண்டு மன்னரைப் பிழைக்கவைத்துவிட்டான் என்று அவன் எழுதினான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த இருவரும் பதில் அனுப்புவதில்லை. அமைச்சன் குழுவைவிட்டே வெளியேறிவிட்டான்.